ராணிப்பேட்டையைத் தோண்டுமுன்

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செங்கல் கட்டடமான தொட்டிகள் சில வெளிப்பட்டன என்பதும், அவை துணிக்குச் சாயமேற்றும் தொழிலைச் சார்ந்தவையாக இருக்கலாமென்று அவர் அனுமானித்தார் என்பதும், தமிழகத்தின் தொன்மையைப் பற்றி ஒரு நூலேனும் வாசித்தவர்கள் அறிந்த விஷயமாகும். பின்னர் உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்விலும் சாயத்தொட்டி ஒன்று கிடைத்தது. கொடுமணலில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களும் மணிகள் செய்த பட்டறைகளின் அடையாளங்களும் கிடைத்தன. பெயர் தெரியாத அந்தச் சாயக்காரர்களையும் கொல்லர்களையும் பற்றி நாம் கொள்ளும் பெருமிதம் நியாயமானதே. ஆயினும் அதே பெருமிதத்தோடு நாம் வாழும் மண்ணில், நம் பாட்டனார் காலத்தில் நம்மவர் இறங்கி வேலை செய்த தொட்டி ஒன்று பொக்லைன் வாயில் சிக்கி நொறுங்கும்போது, அதை நின்று பார்த்து ஒரு குறிப்பேனும் எழுதிக்கொள்ளும் ஆள் எவரும் இல்லாதிருப்பது ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தொட்டி சரித்திரம். நூறாண்டுப் பழமையுடைய தொட்டி இடிபாடு. இந்தப் பாகுபாட்டுக்குச் சாஸ்திர ஆதாரம் ஏதுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இக்கேள்வியை எழுப்புவதற்கு ராணிப்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே, நவாபு காலத்தில் தோன்றி, செஞ்சி தேசிங்குராஜனோடு உயிர்விட்ட அவன் ராணியின் ஞாபகார்த்தமாகப் பெயர்பெற்றதென்று சொல்லப்படும் இவ்வூர், பின்னர் கும்பினியாரின் தண்டு இறங்கிய இடமாயிற்று. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் இதன் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு ஆதலால், உள்நாட்டுச் சரக்கு துறைமுகத்துக்குப் போவதற்கான பாதை இப்பிரதேசத்துக்கு மற்ற ஊர்களுக்கு முந்தியே கிடைத்துவிட்டது. 1906-இல் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் ஆலையை இங்கே நிறுவினர். இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை என்று அதைக் கூறுவது வழக்கம். அதே கம்பெனியின் பீங்கான் தொழிலும் இங்கே வளர்ந்தது. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் அதன் ஆரம்பகாலத் தொழிற்பேட்டைகளுள் ஒன்று இங்கே அமைந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் ஊடேயும் ஓடிய தொழில் தோல் பதனிடுதல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி மேற்கே நீளும் இவ்வூர்களின் சங்கிலியை ஒரே தொழிற்கூடமென்று கொண்டாலும் மிகையாகாது.

தோல் தொழிலுக்கு எழுத்துச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் தொழிலைப் பற்றி 1904-இல் தனி நூலே எழுதினார். ஏற்றுமதிக் கணக்குகள் வருஷாவருஷம் அச்சாயின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சேனையின் பூட்சுகளுக்கு இந்த ராஜதானியின் பதனிட்ட தோல் எவ்வளவு வேண்டியிருந்ததென்று சர்க்கார் காகிதங்கள் பேசுகின்றன. ஆனால் இக்காகிதங்களில் வருபவர்கள் தோல் மண்டிக்காரர்கள், ஏஜெண்டுகள், கப்பல் கம்பெனிகள், அதிகாரிகள். சுண்ணாம்புத் தொட்டிக்குள் வெறுங்காலோடு இறங்கித் தோலைப் புரட்டியவர்கள், மரக்கட்டையின்மேல் தோலைப் போட்டு வளைகத்தியால் மயிரும் சதையும் வழித்தவர்கள், பட்டைச்சாற்றில் நின்று கைகால் கறுத்துப் போனவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவும் அவர்கள் முன் நீட்டப்படவில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலில் எழுதினார். அதற்கு 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. வடஆற்காட்டுத் தொழிலாளர்க்கு அவ்வளவு விரிவான சாட்சியம் இலக்கியத்தில் வாய்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் எவ்வளவு ஆழமான தொட்டியில் நின்றார்கள், ஏறி இறங்கப் படி இருந்ததா, கழிவுநீர் அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டி ஓடியதா அல்லது அவர்கள் காலடியிலேயே தேங்கியதா, குடிநீர்க் கிணறு தொட்டிகளிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்பனவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய பிரத்தியட்சச் சான்று மண் ஒன்றே.

மண் எப்படிப் பேசும் என்பதைச் சற்று விவரித்தல் தகும். பழைய முறையில் தோலைப் பதனிட உதவியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிரைத் தளர்த்தி, வழித்துக் கழுவி, பின்பு பட்டைச்சாறு நிரம்பிய தொட்டிகளில் வாரக்கணக்காக மாற்றி மாற்றிப் போடுவர். ஆகவே இத்தகைய ஓர் ஆலை நின்ற நிலத்தை வெட்டினால், சுண்ணாம்பு இறுகி வெளுத்த விளிம்புடைய குழிகளும், பட்டைத்தூள் மக்கிக் கருமை கலந்த பழுப்பு நிறமேறிய மண்ணும், மயிரும் சதையும் கொட்டிய இடங்களும் ஒன்றையடுத்து ஒன்று அமைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். குரோமிய உப்பால் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. சாட்டர்டனின் முயற்சிக்கும், சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கு அருகே நடத்திய ஆலைக்கும் அதில் பெரும் பங்குண்டு. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அந்த ஆலையின் எச்சம். எனினும் பாலாற்றுக் கரையில் பட்டைமுறை பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் மத்திய சர்க்கார் பச்சைத்தோல், அரைப்பதனத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடிந்த சரக்கையே வெளிநாட்டுக்கு அனுப்பத் தூண்டியதனால்தான் குரோமிய முறை இங்கே விரைந்து பரவியது. தொட்டிகள் இருந்த இடத்தில் சுழலும் மர டிரம்கள் வந்தன. டிரம்களைத் தாங்கக் கான்கிரீட் மேடைகள் வந்தன. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஈரம் காயாத நீலத்தோலை இன்றும் தொழிலாளர் 'வெட் புளூ' என்றே சொல்கின்றனர்.

இந்த மாற்றம் மண்ணில் ஒரு கோடாகப் படிந்திருக்க வேண்டும். கீழே பழுப்பும் வெள்ளையும், மேலே பச்சையும் நீலமும். குரோமியத்தில் பதமான தோலின் சீவல்கள் எளிதில் மக்குவதில்லையாதலால் அவை புதைந்த ஆழமே ஒரு காலக்குறிப்பாகும். இரண்டாயிரமாண்டுப் பானையோட்டை வைத்துக் காலத்தை நிர்ணயிக்கும் ஆராய்ச்சியாளனுக்கு, 1970-களின் ஏற்றுமதிக் கொள்கை மண்ணில் விட்ட வண்ணக்கோடு அதைவிடத் துல்லியமான கருவியாக அமையக்கூடும். அக்கோட்டுக்குக் கீழே கிடக்கும் கேட்டுக்கும் மேலே கிடக்கும் கேட்டுக்கும் பொறுப்பாளிகள் வேறுவேறாகவும் இருக்கலாம். இவ்விஷயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

பழைய தொழிற்சாலை நிலத்தை மறுபயனுக்குக் கொண்டுவருமுன் தொல்லியலாளர் ஒருவரைக் கூட நிறுத்திவைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. அங்கே 1955-இல் மைக்கேல் ரிக்ஸ் என்பவர் எழுதிய கட்டுரையொன்று தொழில்துறைத் தொல்லியல் என்ற துறைப்பெயரையே பரவலாக்கிற்று. 1990-இல் வந்த திட்ட வழிகாட்டுதலுக்குப் பின், கட்டடம் எழுப்புகிறவரே தொல்லியல் ஆய்வின் செலவையும் ஏற்க வேண்டுமென்பது நடைமுறையாயிற்று. லண்டன் நகரின் பெர்மாண்ட்சி பகுதி, நமது ஆம்பூரைப் போல, நூற்றாண்டுகளாகத் தோலுக்குப் பெயர்போனது. அங்கே புதுக் குடியிருப்புகளுக்கு அஸ்திவாரம் வெட்டும்போதெல்லாம் பழைய பதனிடும் குழிகள் அளக்கப்பட்டு வரையப்படுகின்றன. முழு அகழாய்வு அல்ல இது. அகழாய்வுக்குப் பொழுதும் பணமும் அதிகம் வேண்டும். இதிலோ பழைய நில அளவைப் படங்களையும் ஆலை உரிமக் காகிதங்களையும் முன்கூட்டிப் பார்த்து, எந்த மூலையில் எது இருந்திருக்குமென்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பல்லில்லாத வாளி பூட்டிய இயந்திரம் மண்ணை மெல்லிய படலங்களாகச் சுரண்டும், ஓரமாக நிற்கும் ஆய்வாளர் ஒரு சுவரோ குழியோ நிறமாற்றமோ தென்பட்டவுடன் கையுயர்த்துவார், இயந்திரம் நிற்கும், அவர் கரண்டியால் வழித்து, அளந்து, படமெடுத்து, வெட்டுமுகத்தை வரைந்து, ஒவ்வொரு படிவுக்கும் எண் கொடுத்து, மாதிரி எடுத்துக்கொள்வார், பின்பு வேலை தொடரும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் கிடைக்காது. ஒன்றுமில்லை என்பதையும் எழுதிவைப்பதே இத்தொழிலின் கௌரவம்.

நம் நாட்டுச் சட்டமோ வேறு திக்கைப் பார்க்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும், 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் முதன்மையாகக் கருதுபவை கோயில், கோட்டை, சிற்பம், கல்வெட்டு முதலானவற்றையே. நூறாண்டு என்னும் எல்லையைத் தாண்டிய கட்டடத்தைச் சின்னமாக அறிவிக்கலாம். மத்திய அரசு அவ்வாறு அறிவித்துவிட்டால் அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாதென 2010-ஆம் ஆண்டின் திருத்தம் கண்டிப்பாகத் தடுக்கிறது. அறிவிக்கப்படாத நிலத்துக்கோ ஒரு பாதுகாப்பும் இல்லை. 1878-இல் ஆங்கிலேயர் இயற்றிய புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டி பத்து ரூபாய் பெறுமா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் விண்ணப்பப் படிவத்தில் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடங்கள் அருகில் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அத்தகைய இடம் இல்லையெனில் இல்லையென்று எழுதிவிட்டால் அவ்வளவில் விஷயம் முடிந்தது. தோண்டப்படும் நிலமே ஒரு சான்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்படிவத்தில் எங்குமில்லை. சென்னை பெரம்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றி, தமிழகத் தொழிற்சங்க சரித்திரத்திலேயே தலையாய இடம்பெற்ற பின்னி ஆலைகள் மூடப்பட்டு அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்ததை நினைத்தால், இச்சூனியத்தின் விலை விளங்கும்.

இனி, ராணிப்பேட்டையின் மிகக் கொடிய நிலத்துக்கு வருவோம். தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளை உள்ளூரிலேயே செய்வதற்காக 1970-களின் நடுவில் சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை தொடங்கியது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து, நீரில் கரைத்துச் சாற்றை எடுத்துக்கொண்டு, எஞ்சிய சக்கையைக் கொட்டுவதுதான் இத்தொழிலின் சாராம்சம். அந்தச் சக்கையில் ஆறுவலுக் குரோமியம் கரையும் நிலையிலேயே தங்கிவிடுகிறது. தோலில் சேரும் மூவலுக் குரோமியம் ஒப்புநோக்கச் சாது; ஆறுவலுக் குரோமியம் தூசியாய் நுரையீரலில் புகுந்தால் புற்றுநோயையே விளைக்கவல்லது. ஆலை 1995-இல் மூடப்பட்டது. சக்கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பைப் பன்மடங்கு மிஞ்சிச் சுற்றுப்புறக் கிணறுகளில் குரோமியம் கண்டறியப்பட்டதை ஹைதராபாத்தின் தேசிய புவி பௌதிக ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையின் பெயரும் சேர்ந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கையுண்டு; வேடிக்கையென்று சொல்வதற்கு மனம் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். ஆலை வளாகத்தில் குவிந்துள்ள திடக்கழிவு 15 லட்சம் டன் என்றும், அது 2 ஹெக்டேர் பரப்பில் 3 முதல் 5 மீட்டர் உயரம் வரை கிடக்கிறதென்றும் ஒரே மூச்சில் அங்கே எழுதியிருந்தது. இரண்டு ஹெக்டேர் என்பது 20,000 சதுர மீட்டர். எங்கும் 5 மீட்டர் உயரம் என்றே கொண்டாலும் ஒரு லட்சம் கன மீட்டர்தான் ஆகும். கன மீட்டருக்கு இரண்டு டன் என்று தாராளமாக வைத்தாலும் கணக்கு இரண்டு லட்சம் டன்னைத் தாண்டாது. பிற்பாடு அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் டன். பதினைந்துக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சாதாரணமானதன்று. அப்படியிருந்தும் முதல் எண்ணையே பத்திரிகைகள் திருப்பித் திருப்பி அச்சிட்டன. மேட்டை அளந்து, அடுக்கடுக்காக வரைந்து, அதன் அடிவாரம் பழைய வயல்மண்ணில் எங்கே தொடங்குகிறதென்று காட்டும் ஒரு வெட்டுமுகப் படம் இருந்திருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. குவியலின் அளவைச் சொல்வதற்கே தொல்லியலாளனின் பழைய கருவிகளான நூலும் மட்டப்பலகையும் போதுமானவை.

இங்கேதான் நான் முன்னே நிறுத்திய பொறுப்புப் பிரச்சினை வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதன் செலவையும் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் அங்கமாக்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் இத்தோல் பிரதேசத்தில் முழுதுமாகவோ பகுதியாகவோ பாழானதென்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வின் கணக்கு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் பற்றி மறுபடி ஆணையிட வேண்டியதாயிற்று. முப்பதாண்டுக் காலம் இக்கோட்பாடு பேசப்பட்டும், யார் எப்போது எவ்வளவு கொட்டினார் என்பதற்கான நேரடிச் சான்றைத் திரட்டுவதில் நாம் காட்டிய அக்கறை சொற்பம். ரசாயனப் பரிசோதகர் துளையிட்டு மண்ணெடுத்து, எவ்வளவு குரோமியம் இருக்கிறதென்று சொல்வார். அவர் கேட்கும் கேள்வி அது. அந்தக் குரோமியம் செங்கல் வாய்க்காலொன்றின் வழியே வந்ததா, பிற்காலத்தில் பள்ளம் தூர்ப்பதற்காக லாரியில் கொண்டுவந்து கொட்டியதா, மேலிருந்து கசிந்து இறங்கியதா என்பது படிவுகளின் வரிசையைப் படிக்கத் தெரிந்தவர்க்கே புலப்படும். ஒரே துளையிலிருந்து வரும் ஒரே மண்ணை இரு கண்கள் பார்க்க வேண்டும். ஒரு கண் பார்ப்பதற்கு மட்டுமே இன்று பணம் ஒதுக்கப்படுகிறது.

மஞ்சள் நீரைக் குடித்து அல்லற்பட்டவர்களுக்கு வேண்டியது குவியல் ஒழிவதேயன்றி அதைப் பற்றிய ஆராய்ச்சியன்று என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபத்தில் உண்மையுண்டு என்பதால்தான் இங்கே முழு அகழாய்வை நான் கோரவில்லை. உடன் நிற்கும் கண்காணிப்பு வேலையை அதிகம் தாமதிப்பதில்லை. அன்றியும், ஆலை மூடி முப்பதாண்டு காலமாகக் குவியல் அங்கேயே கிடந்ததற்குத் தொல்லியலாளர் எவரும் குறுக்கே நின்றது காரணமன்று. ஆறுவலுக் குரோமியம் தோய்ந்த மண்ணில் சாதாரண அகழாய்வுக் குழிக்குள் இறங்குவதுபோல் எவரும் இறங்கலாகாது என்பதும் மெய்யே. முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் இன்றி ஒருவரையும் அனுப்பலாகாது. சில படிவுகளைத் துளை மாதிரிகளாலும் நிழற்படங்களாலும் மட்டுமே பதிவுசெய்ய வேண்டியிருக்கும். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர் பத்துப் பேர் அக்கசட்டில் மூழ்கி மாண்டதை மறந்துவிட்டு இந்நிலங்களைப் பற்றி எவரும் பேச முடியாது.

போபாலைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலை, துருப்பிடித்த குழாய்களோடு நாற்பதாண்டு நின்றது; ஆலையின் பாகங்களை ஞாபகச் சின்னமாகக் காக்க வேண்டுமென்று கட்டடக்கலை வல்லுநர்களும் பாதிக்கப்பட்டோர் சங்கங்களும் வாதாடினர். 2025 தொடக்கத்தில் அங்கிருந்த 337 டன் நச்சுக்கழிவு பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட ஜனங்களே தங்கள் துயரின் சான்றைக் காக்கச் சொல்வதும், சுத்தம் செய்வதும் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும் அங்கே தெளிவாயின. ராணிப்பேட்டையில் காக்கத்தக்க பெருங்கட்டடம் அதிகமில்லை. ஆதலால் இங்கே சின்னத்தைவிடப் பதிவே முக்கியம். ஓரிரு பட்டைத்தொட்டிகளை மட்டும் எங்கேனும் ஒரு தொழில் அருங்காட்சியகத்தில் இடம்பெயர்த்து வைத்தால் நன்று. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு இயல்பான இல்லமாகும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாசுற்ற இடங்களை நிர்வகிக்கும் விதிகளை மத்திய அரசு 2025-இல் வெளியிட்டுவிட்டது. அவற்றின்படி ராணிப்பேட்டையில் நிலங்களை ஆய்ந்து சீர்செய்யும் வேலை எப்போது தொடங்கினாலும், அதற்கான ஒப்பந்தப் புள்ளியில் ஒரேயொரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்: மண்ணைத் துளைக்கும்போதும் வெட்டும்போதும் மாநிலத் தொல்லியல் துறை அனுப்பும் ஆய்வாளர் ஒருவர் உடனிருந்து, வெட்டுமுகங்களை வரைந்து, அவற்றின் பிரதியைப் பொதுமக்கள் பார்க்கும்படி மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட ஆட்சியரும் இந்நிபந்தனையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.